காவலும் ஏவலும் பிணங்கும்போது

ஒரு நிறுவனத்தை நாடி வருவோர் முதலில் காண்பது அதன் தலைவாயிலை. முன்னாளில் அவ்வாயில் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பப்பெற்றது. இந்நாளிலோ, இணையத்தளமே பல நிறுவனங்களுக்குத் தலைவாயிலாக அமைந்துவிட்டது. சேர்க்கை விண்ணப்பம், தேர்வுக் கட்டணம், உதவித்தொகைப் படிவம், விடுதி இடம், தேர்வு முடிவு என யாவும் அவ்வாயில் வழியாகவே நடைபெறுகின்றன. விண்ணப்பிக்க வேண்டிய இறுதி நாளின் மாலைப்பொழுதில் அவ்வாயில், 'உமக்கு அனுமதி இல்லை' என்று மட்டும் சொல்லி மூடிக்கொள்ளுமாயின், ஏழை மாணவர் ஒருவர் ஓராண்டுக் கல்வியை இழக்க நேரிடும். ஆகவே, இணையத்தளப் பிழை என்பது கணிப்பொறி வல்லுநர் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் நுட்பச் சிக்கல் மட்டுமன்று. அது நிறுவனத்தின் கடமையைச் சார்ந்த செய்தியாகும்.

இப்பிழைகளுள் மிகுதியாகக் காணப்படுவதும், மிகுதியாகத் தவறாக அணுகப்படுவதும் ஒன்று உண்டு. தளத்தில் பணி செய்வதற்காக நாமே அமர்த்திய ஏவலரும், தளத்தைக் காப்பதற்காக நாமே நிறுத்திய காவலரும் ஒருவரோடொருவர் பிணங்குவதால் எழும் பிழையே அது. ஏவலர் என்று நாம் குறிப்பது, பிளக்-இன் என வழங்கப்பெறும் செருகிகளை. காவலர் என்று நாம் குறிப்பது, ஃபயர்வால் என வழங்கப்பெறும் தீயரணை. இவ்விரண்டும் முரண்படும்போது நாம் கைக்கொள்ள வேண்டிய நெறி யாது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஏவலர் யார்?

இன்று உலகிலுள்ள இணையத்தளங்களுள் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் இயங்குகின்றன. பிரான்சு நாட்டைச் சேர்ந்த மிஷேல் வால்ட்ரிகி உருவாக்கிய பி-2 என்னும் மென்பொருள் வளர்ச்சியின்றி நின்றபோது, அமெரிக்கரான மேட் மல்லென்வெக்கும் ஆங்கிலேயரான மைக் லிட்டிலும் அதனை எடுத்து வளர்த்து, 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் என்னும் பெயரில் வெளியிட்டனர். எவரும் எடுத்தாளலாம், எவரும் திருத்தலாம் என்னும் கட்டற்ற உரிமத்தோடு அது வெளிவந்தது. 2004 மே மாதத்தில் வெளியான 1.2 பதிப்பில், மூல மென்பொருளைத் தொடாமலே புதுப் பணிகளைச் சேர்க்கும் செருகி முறை அறிமுகமாயிற்று.

இம்முறையின் அடிப்படை எளியது. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தை உருவாக்கும்போது வழியில் பல இடங்களில் சற்றே நின்று, 'இவ்விடத்தில் செய்ய வேண்டிய பணி எவருக்கேனும் உண்டோ?' என்று வினவுகிறது. அவ்விடங்களுக்குக் கொக்கிகள் என்று பெயர். செருகிகள் அக்கொக்கிகளில் தம்மை மாட்டிக்கொண்டு தத்தம் பணியைச் செய்கின்றன. ஒன்று படிவம் வாங்கும். ஒன்று படங்களைச் சுருக்கும். ஒன்று பக்கங்களை முன்கூட்டியே சமைத்து வைத்து விரைவாகப் பரிமாறும். இத்தகைய இலவசச் செருகிகள் வேர்ட்பிரஸின் பொதுத் தொகுப்பில் மட்டும் 50,000-க்கு மேல் உள்ளன.

கேட்டவர்க்கெல்லாம் ஏவலர் கிடைக்கும் நிலையில், தேவைக்கு மீறி அமர்த்திக்கொள்ளும் ஆசை எழுவது இயல்பே. ஆயின், அச்செருகிகளை எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில் எழுதியவர்கள். ஒரே பெயருடைய செயற்கூறு இரு செருகிகளில் அமைந்துவிட்டால், தளத்தின் மொழியாகிய பி.எச்.பி. அங்கேயே நின்றுவிடும். ஒரே கொக்கியில் இருவர் மாட்டிக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பதும் உண்டு. ஆள் பெருகினால் வேலை பெருகும் என்பதில்லை. சில வேளைகளில் பிணக்கே பெருகும்.

காவலர் யார்?

தீயரண் என்னும் சொல், ஓரிடத்துப் பற்றிய தீ மற்றோரிடம் பரவாமல் தடுக்கும் சுவரைக் குறித்த கட்டடக் கலைச் சொல்லிலிருந்து வந்தது. இணையத்தளத்தைக் காக்கும் தீயரண், வருகின்ற ஒவ்வொரு வேண்டுகோளையும் பிரித்துப் பார்த்து, அதில் தீங்கு ஒளிந்துள்ளதா என ஆராய்கிறது. இக்காவல் பெரும்பாலும் மூன்று சுற்றாக அமைகிறது. தளத்திற்குள்ளேயே செருகி வடிவில் அமர்ந்திருப்பது உட்சுற்று. வேர்ட்ஃபென்ஸ் போன்றவை இவ்வகையின. தளம் குடியிருக்கும் வழங்கிக் கணிப்பொறியில் அமர்ந்திருப்பது இடைச்சுற்று. இவான் ரிஸ்டிக் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட மாட்செக்யூரிட்டி இவ்வகையில் புகழ்பெற்றது. வழங்கிக்கும் முன்னால், ஊர் எல்லையிலேயே நின்று சோதிப்பது வெளிச்சுற்று; கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன.

இடைச்சுற்றுக் காவலின் இயல்பை அறிந்தால் மற்றவற்றையும் ஒருவாறு அறியலாம். மாட்செக்யூரிட்டி என்பது காவலாளின் கண். அவன் கையிலுள்ள சட்டப் புத்தகம் வேறு. ஓவாஸ்ப் என்னும் தன்னார்வ அமைப்பு தொகுத்து வழங்கும் மைய விதித்தொகுப்பே பல இடங்களில் அச்சட்டப் புத்தகமாக விளங்குகிறது. அவ்விதிகள் ஒருவரைக் கண்டவுடன் குற்றவாளி என்று தீர்ப்பதில்லை, மதிப்பெண் இடுகின்றன. கடுங்குற்ற ஐயத்துக்கு 5, பிழை ஐயத்துக்கு 4, எச்சரிக்கைக்கு 3, சிறு குறிப்புக்கு 2 என்பது அளவு. கூட்டுத்தொகை வரம்பைத் தொட்டால் வாயில் அடைபடும். அவ்வரம்பு பொதுவாக 5 என வைக்கப்பெறுகிறது. கடுங்குற்ற ஐயம் ஒன்றே போதும், வந்தவர் வெளியே நிற்க வேண்டியதுதான். மேலும், ஐயப்பாட்டின் கடுமை 1 முதல் 4 வரை நான்கு நிலைகளாக வகுக்கப்பெற்றுள்ளது. நிலை உயர உயரக் கள்வரும் மிகுதியாகப் பிடிபடுவர். நல்லவரும் மிகுதியாக அகப்படுவர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறவாது மனங்கொள்ள வேண்டும். காவலர் சொல்லின் வடிவத்தைப் பார்க்கின்றாரேயன்றிச் சொல்பவரின் உள்ளத்தைப் பார்ப்பதில்லை. கணிப்பொறித் துறை ஆசிரியர் ஒருவர் தரவுத்தளப் பாடத்தை எழுதி, அதில் தரவுகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டளையையும் அட்டவணையை அழிக்கும் கட்டளையையும் எடுத்துக்காட்டாகத் தருவாராயின், காவலர் கண்ணுக்கு அவர் தரவுத்தளத்தைச் சூறையாட வந்தவராகத் தோன்றக்கூடும். கத்தி வடிவம் கண்டு அஞ்சுகின்ற காவலாளுக்குச் சமையற்காரரும் ஒன்றுதான், கொள்ளைக்காரரும் ஒன்றுதான்.

பிணக்கு எழும் இடங்கள்

ஏவலரும் காவலரும் மோதுகின்ற இடங்களுள் சிலவற்றை ஈண்டு எடுத்துக்காட்டுவோம்.

முதலாவது, எழுதியதைச் சேமிக்கும் இடம். 2018 டிசம்பரில் வெளியான வேர்ட்பிரஸ் 5.0 பதிப்பு முதல், கட்டுரை எழுதும் திரை, முழுப் பக்கத்தையும் அனுப்பாமல், ரெஸ்ட் ஏ.பி.ஐ. எனப்படும் தனிவழியில் செய்தியை அனுப்பிச் சேமிக்கிறது. அவ்வழியைக் காவலர் அடைத்துவிட்டால், 'புதுப்பித்தல் தோல்வியுற்றது. மறுமொழி முறையான ஜேசான் வடிவில் இல்லை' என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாசகம் திரையில் தோன்றும். எழுதியவர் தம் கட்டுரையில் பிழை தேடுவார். பிழையோ வாயிலில் இருக்கும்.

இரண்டாவது, பழைய அனுமதிச் சீட்டு. வேர்ட்பிரஸ் பல படிவங்களோடு மறைவாக ஒரு சீட்டினை இணைத்து அனுப்புகிறது. அதன் வாழ்நாள் மிகுதியாகப் போனால் 24 மணிநேரம். பக்கத்தைச் சமைத்து வைக்கும் செருகி, நேற்றைய பக்கத்தை நாளையும் பரிமாறுமாயின், அதிலுள்ள சீட்டு காலாவதியாகியிருக்கும். படிவத்தை நிரப்பியவருக்குக் கிடைப்பது 'அனுமதி இல்லை' என்னும் விடை. காண்போர் இதனைத் தீயரணின் குற்றம் என்றே எண்ணுவர். உண்மையில் இது ஏவலர் பழைய சோற்றைப் பரிமாறியதால் வந்த வினை.

மூன்றாவது, பலரை ஒருவராகக் காணும் மயக்கம். ஒரு கல்லூரியின் வளாகத்திலுள்ள நூற்றுக்கணக்கான மாணவர்கள் இணையத்தை அணுகும்போது, வெளியுலகிற்கு அவர்கள் அனைவரும் பெரும்பாலும் ஒரே முகவரியிலிருந்து வருபவராகவே தெரிவர். ஊரிலுள்ள கணிப்பொறி மையத்திற்கும் இது பொருந்தும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அவர்கள் ஒருசேர நுழையும்போது, ஒரே ஆள் ஆயிரம் முறை கதவைத் தட்டுவதாகக் காவலர் எண்ணி, அம்முகவரியையே விலக்கி வைப்பார். வெளிச்சுற்றுக் காவலும் உட்சுற்றுக் காவலும் ஒருங்கே உள்ள இடத்தில் இம்மயக்கம் இன்னும் பெரிதாகும். வருவோர் யாவரும் வெளிச்சுற்றின் வழியே வருவதால், உண்மை முகவரியைப் படிக்குமாறு உட்காவலுக்குச் சொல்லி வைக்காவிடில், அவர் வெளிக்காவலையே பகைவராகக் கருதித் தடுத்துவிடுவார். அவ்வழியே வரும் அனைவர்க்கும் கதவு மூடப்படும்.

நான்காவது, தமிழர்க்கே உரிய இடம். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல், ஒருங்குறியில் ஐந்து குறியீடுகளாக அமைகிறது. மெய்க்குரிய புள்ளியும் உயிர்மெய்க்குரிய விசிறியும் தனித்தனியே எண்ணப்பெறும். யு.டி.எஃப்.-8 என்னும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு. ஆக 15 பைட்டு. இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறியிட்டு எழுதும்போது அதுவே 45 எழுத்துகளாக நீள்கிறது. வேர்ட்பிரஸ் ஒரு கட்டுரையின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்து இடமே தருகிறது. தமிழ்த் தலைப்பாயின் 22 குறியீடுகளோடு அவ்விடம் நிரம்பிவிடும். நீண்ட தலைப்புகள் முகவரியில் பாதியில் அறுபட்டு நிற்பதன் காரணம் இதுவே.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. மேற்சொன்ன மைய விதித்தொகுப்பின் மூன்றாம் நிலையில், ஆங்கில அச்செழுத்து எல்லைக்கு அப்பாற்பட்ட பைட்டுகளைக் கொண்ட வேண்டுகோளைக் கடுங்குற்ற ஐயமாகக் கொள்ளும் விதி ஒன்று உள்ளது. தமிழெழுத்தின் பைட்டுகள் அனைத்தும் அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டவையே. 'பாதுகாப்பு மிகுதியாக இருக்கட்டும்' என்று கருதி ஒருவர் அந்நிலையை அப்படியே இயக்கிவிட்டால், தமிழில் பெயர் எழுதிய மாணவர் தடுக்கப்படுவார். ஆங்கிலத்தில் எழுதியவர் உள்ளே செல்வார். தமிழுக்குப் பகையாக எவரும் அவ்விதியை வகுத்தாரில்லை. ஆங்கிலம் மட்டும் வழங்கும் தளங்களை மனத்திற்கொண்டு வகுத்தனர். ஆயினும் அதனைச் சோதித்துப் பார்க்காமல் தமிழ்த் தளத்தில் இயக்குவது நம் பிழையேயாகும்.

எண்கள் உரைக்கும் செய்தி

தளம் பிழைபடும்போது அது ஊமையாக நிற்பதில்லை. ஓர் எண்ணைச் சொல்கிறது. அவ்வெண்ணைக் குறித்துக்கொள்ளுதல் ஆராய்ச்சியின் முதற்படி. 403 எனில், வந்தவரை எவரோ தடுத்துள்ளனர். காவலரையும் காலாவதிச் சீட்டையும் கோப்பு உரிமைகளையும் நோக்க வேண்டும். 404 எனில், தேடிய பொருள் அவ்விடத்தில் இல்லை. 429 எனில், அளவுக்கு மீறித் தட்டியதாகக் கருதப்பட்டுள்ளது. 500 எனில், உள்ளே எவரோ மயங்கி விழுந்துள்ளனர்; பெரும்பாலும் செருகியின் பிழையாகவோ அமைப்புக் கோப்பின் பிழையாகவோ இருக்கும். 503 எனில், பணியிடம் தற்காலிகமாக மூடியுள்ளது அல்லது பணிச்சுமை தாங்கவில்லை. ஏதும் அச்சாகாத வெண்திரை தோன்றுமாயின், பி.எச்.பி. இடையில் நின்றதன் அடையாளமாகக் கொள்ளலாம்.

'தளம் வேலை செய்யவில்லை' என்று மட்டும் முறையிடுவது, மருத்துவரிடம் சென்று 'உடம்புக்கு முடியவில்லை' என்று மட்டும் சொல்வதைப் போன்றது. எந்தப் பக்கம், எந்த நேரம், எந்த எண், என்ன செய்தபோது என்னும் நான்கினையும் சொல்லும் மாணவர் பாதி மருத்துவத்தைத் தாமே செய்துவிட்டவராவார்.

ஆராயும் முறை

பிணக்கைத் தீர்க்கும் முறையினைச் சுருங்கக் கூறுவோம். முதற்கண், தளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். படியெடுக்காமல் பழுது பார்க்கத் தொடங்குவது, விளக்கில்லாமல் கிணற்றில் இறங்குவதாகும்.

அடுத்து, பிழை எவருக்கு வருகிறது என்று காண வேண்டும். கல்லூரி வலையத்தில் பிழையும், கைப்பேசியின் சொந்த இணைப்பில் சரியான பக்கமும் வருமாயின், தடுப்பு முகவரியைப் பற்றியது. தளத்தின் காவலர் அம்முகவரியை விலக்கியிருக்கலாம். கல்லூரி வலையத்தின் தீயரணே அத்தளத்தை விலக்கியிருக்கவும் கூடும். நிருவாகியாக நுழைந்தவர்க்குச் சரியாகவும் பிறர்க்குப் பிழையாகவும் இருந்தால், சமைத்து வைத்த பக்கத்தின் மேல் ஐயம் கொள்ளலாம்.

மூன்றாவது, பதிவேட்டைப் படித்தல். இதுவே அனைத்தினும் தலையாயது. அனைவரும் விட்டுவிடுவதும் இதுவே. காவலர் ஒருவரைத் தடுக்கும்போது, எந்த விதியின்படி, எந்தச் சொல்லைக் கண்டு, எத்தனை மணிக்குத் தடுத்தேன் என்று எழுதி வைக்கிறார். செருகி விழும்போது, எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியில் விழுந்தேன் என்பதை பி.எச்.பி. எழுதி வைக்கிறது. வேர்ட்பிரஸின் பிழைப்பதிவை இயக்கி வைத்தால் அவ்விவரம் தனிக் கோப்பில் சேரும். காண வருவோர் திரையில் அது தோன்றாதவாறு மறைத்து வைத்தலும் வேண்டும். சாட்சி எழுத்திலேயே இருக்கும்போது, ஊகத்தின்மேல் தீர்ப்புரைப்பது முறையன்று.

நான்காவது, ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல். பதிவேடு தெளிவு தராதபோது, செருகிகளை நிறுத்திப் பார்க்கலாம். 24 செருகிகள் உள்ள தளத்தில் ஒன்றொன்றாக நிறுத்திப் பார்க்க 24 முறை ஆகலாம். பாதியை நிறுத்தி, பிழை எப்பாதியில் நிற்கிறதெனக் கண்டு, அதனையும் பாதியாக்கிச் சென்றால், குற்றம் ஒன்றிடத்தே மட்டும் உள்ளவிடத்து ஐந்து முறைக்குள் அதனைக் கண்டுவிடலாம். இதனைப் பொதுமக்கள் காணும் தளத்திலேயே செய்ய வேண்டுமென்பதில்லை. வேர்ட்பிரஸ் சமூகத்தார் வழங்கும் நலச் சோதனைச் செருகி, நிருவாகியின் கண்ணுக்கு மட்டும் மற்றச் செருகிகளை நிறுத்திக் காட்டும். பிறர்க்குத் தளம் வழக்கம்போல் இயங்கும். 2019 மே மாதத்தில் வெளியான 5.2 பதிப்பு முதல், செருகி ஒன்று முற்றாக விழுந்தால், நிருவாகிக்கு மின்னஞ்சலில் மீட்பு வழியொன்றை வேர்ட்பிரஸ் தானே அனுப்பி வைக்கிறது. அம்மின்னஞ்சல் முகவரி, என்றோ பணி விட்டுச் சென்றவருடையதாக இருந்தால் அவ்வழியால் பயனில்லை.

ஐந்தாவது, குறுகிய விலக்கு அளித்தல். தடுத்த விதியின் எண்ணைப் பதிவேட்டிலிருந்து அறிந்தபின், அவ்விதியை அந்த ஒரு பக்கத்தின் அந்த ஒரு கட்டத்திற்கு மட்டும் தளர்த்துதல் வேண்டும். விதித்தொகுப்பு முழுவதையும் அணைத்து வைப்பது, மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதாகும். புதிய காவலரை அமர்த்தும்போதும், தடுக்காமல் குறிப்பு மட்டும் எழுதும் நிலையில் அவரைச் சில நாள் நிறுத்தி, நல்லவர் எவரெவர் அகப்படுகின்றனர் எனக் காண்பது அறிவுடைமை. மாட்செக்யூரிட்டியில் அதற்கென ஒரு நிலை உண்டு. வேர்ட்ஃபென்ஸும் முதல் ஒரு வாரம் கற்கும் நிலையிலேயே இயங்குகிறது.

காவலரை நீக்கும்போதும் முறையறிந்து நீக்க வேண்டும். வேர்ட்ஃபென்ஸ் போன்ற காவற்செருகி, தளத்தின் வேறெந்தக் கோப்பும் இயங்குமுன் தன் கோப்பினை இயக்குமாறு, அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி வைப்பதுண்டு. அவ்வரியை விட்டுவிட்டுக் காவற்கோப்பை மட்டும் அழித்தால், இல்லாத கோப்பைத் தேடித் தளம் முழுவதும் 500 என்று விழும். வரியை நீக்கிய பின்னும் உடனே சரியாகாமல் போகலாம், பி.எச்.பி. அவ்வகை அமைப்புக் கோப்பைப் பொதுவாக 300 நொடிக்கு ஒருமுறையே மீண்டும் படிக்கிறது. ஐந்து நிமிடம் பொறுக்க மாட்டாமல் சரியான திருத்தத்தைத் தவறென்று கருதி மாற்றிவிடுவோர், புதுக் குழப்பத்தைத் தாமே வரவழைத்துக்கொள்கின்றனர்.

இருபுறமும் எச்சரிக்கை

'இத்தனை தொல்லை தரும் காவல் எதற்கு? எடுத்தெறிந்தால் தளம் நன்றாக ஓடுமே' என்று கேட்பார் உளர். அவர்க்கு 2020 செப்டம்பர் நிகழ்வை நினைவூட்டுவோம். கோப்பு மேலாண்மைக்கென 7 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் அமர்ந்திருந்த ஃபைல் மேனேஜர் என்னும் வேர்ட்பிரஸ் செருகியில் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. சோதனைக்கென அமைந்த ஒரு கோப்பு, கடவுச்சொல் ஏதும் கேட்காமல் எவரும் தளத்தில் தம் நிரலை ஏற்றி இயக்க வழிவிட்டிருந்தது. 6.9 பதிப்பில் அது திருத்தப்பட்டது. எனினும் திருத்தம் வருமுன்னரே தாக்குதல் தொடங்கிவிட்டது. அத்தகைய நாளில், திருத்தம் வந்து சேரும்வரை வாயிலில் நின்று தாங்கக்கூடியவர் காவலரே. மாணவரின் பெயர், முகவரி, மதிப்பெண், வங்கி விவரம் ஆகியவற்றைத் தன்னகத்தே வைத்திருக்கும் தளத்தைக் காவலின்றி விடுவது, அடைக்கலப் பொருளைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும்.

'காவலர் சொல்வதே வேதவாக்கு' என்று இருப்பாரும் உளர். அவர்க்கு 2019 ஜூலை 2-ஆம் நாளை நினைவூட்டுவோம். அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் தீயரணில் புதிய விதியொன்றைச் சேர்த்தது. அவ்விதியில் எழுத்து வடிவம் தேடும் கோவை ஒன்று, சில சொற்களைக் கண்டால் முன்னும் பின்னும் ஓயாது தேடி, கணிப்பொறியின் முழு ஆற்றலையும் உறிஞ்சும் வகையில் அமைந்துவிட்டது. எவரையும் தடுக்காமல் குறிப்பு மட்டும் எழுதும் சோதனை நிலையில்தான் அவ்விதி வெளியிடப்பட்டது. ஆயினும், உலகெங்கும் ஒரே நேரத்தில் வெளியிடப்பட்டதால், ஏறத்தாழ 27 நிமிடம் எண்ணற்ற தளங்கள் முடங்கின. அந்நிறுவனத்தின் வழியே செல்லும் போக்குவரத்து உச்சக்கட்டத்தில் 82 விழுக்காடு வீழ்ந்தது. அந்நிறுவனத்தின் உட்கருவிகளும் அதே காவலைச் சார்ந்திருந்தமையால், பழுது பார்க்க வேண்டிய பொறியாளர்களே உள்ளே நுழைய இடர்ப்பட்டனர். வேலியே பயிரை மேய்வது என்பது இதுவே. பெருநிறுவனத்திற்கே இந்நிலை எனில், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டும் வழக்கத்தை நாம் உடனே கைவிடல் வேண்டும்.

ஏவலை மட்டும் நம்பினால் கொள்ளை போகும். காவலை மட்டும் நம்பினால் கதவடைபடும். இரண்டையும் நடுநின்று மேற்பார்க்கும் வீட்டுத் தலைவர் ஒருவர் இன்றியமையாதவர். பல நிறுவனங்களில் இல்லாமற் போனது அத்தலைவரே என்பது எம் கருத்து.

செய்ய வேண்டுவன

கல்லூரிகளையும் அறக்கட்டளைகளையும் நடத்தும் பெரியோர்கள், கட்டடம் எழுப்பப் பொருள் ஒதுக்கும்போதே அதனை ஆண்டுதோறும் வெள்ளையடிக்கவும் பொருள் ஒதுக்குகின்றனர். இணையத்தளத்திற்கோ அமைக்கும் நாளில் மட்டும் பொருள் கொடுத்துவிட்டு, அமைத்தவரை அனுப்பிவிடுகின்றனர். கடவுச்சொல் எவரிடம் உள்ளது, தளம் எந்த வழங்கியில் உள்ளது, காவல் எத்தனைச் சுற்று என்னும் வினாக்களுக்கு விடை சொல்ல எவரும் இல்லாத நிறுவனங்கள் உள. பெயர் குறித்து ஒருவரைப் பொறுப்பாக்குதல், அவர்க்குத் துணையாக மற்றொருவரைப் பயிற்றுதல், ஆண்டுச் செலவுத் திட்டத்தில் பராமரிப்புக்கென ஒரு தொகை வைத்தல் ஆகிய மூன்றும் பெரியோர் கடமை.

பொறுப்பேற்றவர் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். இன்ன நாளில் இன்ன செருகி சேர்க்கப்பட்டது. இன்ன காரணத்தால் இன்ன விதி தளர்த்தப்பட்டது என எழுதி வைத்தால், பின்வருபவர் இருளில் தடவ வேண்டியதில்லை. காரணம் எழுதப்படாத விலக்கு, நாளடைவில் காவலில்லாத புறக்கடைக் கதவாகிவிடும். பயன்படாத செருகியை நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது, அகற்றிவிட வேண்டும். நிறுத்தி வைத்த செருகியின் கோப்புகள் வழங்கியில் கிடக்கும்வரை அதன் ஓட்டைகளும் அங்கேயே கிடக்கும். சேர்க்கைக் காலம் தொடங்கிய பின் புதிய செருகியையோ புதிய விதியையோ சேர்ப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடும் வகுத்துக்கொள்ளலாம்.

தமிழ்த் துறைக்கும் இதில் பங்குண்டு. தளத்தின் ஒவ்வொரு படிவத்திலும் தமிழில் பெயரும் முகவரியும் எழுதி அனுப்பிப் பார்க்கும் சோதனையை மாணவர்களே ஆண்டுக்கொரு முறை செய்யலாம். ஒற்றெழுத்தும், ஆய்தமும், கிரந்த எழுத்தும், மேற்கோள் குறியும் அடங்கிய தொடர்களைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தல் நலம். பிழைப் பக்கத்தில் தோன்றும் வாசகத்தை நல்ல தமிழில் எழுதித் தருவதும் தமிழ்த் துறையின் பணியே. '403' என்று மட்டும் காட்டி நிறுத்தாமல், 'உங்கள் வேண்டுகோள் பாதுகாப்பு விதியொன்றால் தடைபட்டுள்ளது. இக்குறிப்பெண்ணையும் நேரத்தையும் அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். படிவத்தை நேரில் தரவும் இடமுண்டு' என்று மூன்று வரி இருந்தால், திகைத்து நிற்கும் முதல் தலைமுறை மாணவருக்கு அதுவே பெருந்துணை. தடுக்கப்பட்டவருக்குக் காரணமும் மாற்றுவழியும் சொல்லாத காவல், நிறைவான காவல் ஆகாது.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். கணிப்பொறி படித்தவர் மட்டுமே இதனை ஆராய முடியும் என்று ஒதுங்கற்க. அடையாளங்களைக் குறித்தல், சாட்சியைப் படித்தல், ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல், கண்டதை எழுதி வைத்தல் ஆகிய இவை எந்தத் துறைக்கும் பொதுவான ஆராய்ச்சி நெறிகளாம். ஓலைச்சுவடியில் பாடபேதம் ஆராய்பவர், எந்தப் படியில் எந்த எழுத்து மாறியது என்று ஒப்பிட்டுக் காண்பதும் இந்நெறியாலேயே. சுவடியின் வரியை ஐயுற்று நோக்கப் பழகிய கண், பதிவேட்டின் வரியையும் நோக்கவல்லது.

நிறைவாக, நிறுவனத் தலைவர்களிடம் நாம் வேண்டுவது இதுவே. அடுத்த சேர்க்கை அறிவிப்பு வெளியிடுமுன், ஒரு மாணவராகத் தாமே அமர்ந்து, ஒரு சாதாரணக் கைப்பேசியில், தமிழில் பெயரெழுதி, விண்ணப்பத்தை இறுதிவரை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். அது சென்று சேருமாயின், உங்கள் ஏவலரும் காவலரும் இணக்கமாக உள்ளனர் என்று அறியலாம். சேராதாயின், அக்கதவின் வெளியே எத்தனை பேர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிச் சென்றிருப்பர் என்று எண்ணிப் பார்த்து, அன்றே பதிவேட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.